உப்பு டப்பாவின் மூடி

ரொட்டிக்கடை வீட்டில் முதலில் படுத்தவன் மகன். சும்மா படுக்கவில்லை, தெருவுக்கே தெரியும்படி படுத்தான். காய்ச்சல் நூற்றிரண்டு. தொண்டையில் முள். இருமினால் விலா வலி, கண்ணைத் திறந்தால் தலைவலி, மூடினால் முதுகுவலி. முப்பத்திரண்டு வயது ஆள், மாவு மூட்டையை ஒரே தூக்கில் தோளுக்கு ஏற்றுகிறவன், மாடி அறையில் போர்வைக்குள் சுருண்டுகொண்டு, "அம்மா, நான் பிழைக்க மாட்டேம்மா" என்று மணிக்கொரு தரம் விடைபெற்றுக்கொண்டிருந்தான். பல் முளைத்ததற்கே மூன்று தெருவைக் கூட்டிய பிள்ளை அவன். அப்போதே அவனுக்கு அப்பா வைத்த பெயர் ரேடியோ. ஊர் முழுக்க அதுதான் நிலைத்தது.

பரிசோதனையில் கொரோனா என்று வந்ததும் கடையின் இரும்புக் கதவு இறங்கியது. மருமகள் ஒரு தாளில் 'மறு அறிவிப்பு வரை விடுமுறை' என்று அழகான கையெழுத்தில் எழுதி வெளியே ஒட்டினாள். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை பொருத்துகிறவள் அவள். எதைச் செய்தாலும் நேர்க்கோடு போட்டுத்தான் செய்வாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தக் கதவு மூன்று நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல மூடிக் கிடந்ததில்லை.

கடைக்காரம்மாவுக்கு அன்று முதல் கால் தரையில் பாவவில்லை. வெந்நீர், இஞ்சித் தண்ணீர், கஞ்சி, ஈரத்துணி, மாத்திரை என்று மாடிப்படியில் ஏறி இறங்கியே அவள் முட்டி தேய்ந்தது. எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுப்பாள்.

"டேய், கஞ்சி வச்சிருக்கேன், எடுத்துக்கோ."

"எந்திரிக்க முடியலம்மா."

"அப்ப நானே உள்ள வரேன்."

"வேணாம், வேணாம். தவழ்ந்தாவது வந்து எடுத்துக்கறேன்."

தவழவெல்லாம் இல்லை, நடந்துதான் வந்தான். ஆனால் வருவதற்குள் ஏழெட்டு முனகல். கீழே அடுப்புக்கட்டில் உட்கார்ந்திருந்த ரொட்டிக்காரருக்கு அது அத்தனையும் கேட்கும். "ரேடியோ இன்னிக்குக் காலையிலேயே ஒலிபரப்ப ஆரம்பிச்சுட்டான்" என்பார். அப்போதெல்லாம் அவரிடம் கேலி பாக்கி இருந்தது.

ரொட்டிக்காரருக்கு அறுபத்தொன்பது. உடம்புக்கு முடியவில்லை என்று அவர் படுத்ததை மனைவி பார்த்ததில்லை. கடை மூடினாலும் அவர் ஒரு வேலையை மட்டும் விடவில்லை. முதல்நாள் மாவில் ஒரு பிடி எடுத்து ஜாடியில் வைத்து, மறுநாள் மாவோடு சேர்த்துப் பிசைகிற கை அவருடையது. கடையில் அவர் முதன்முதலாகப் பிசைந்த மாவின் வாரிசு அந்த ஜாடி மாவு. தினமும் புது மாவு போடாவிட்டால் செத்துப்போகும். அதனால் விடியுமுன்பே வீட்டுக்கென்று ரெண்டே ரெண்டு ரொட்டிக்குப் பிசைவார். நூறு ரொட்டி வேகிற அடுப்பில் ரெண்டு ரொட்டி ஒரு மூலையில் கிடக்கும்.

பிசைவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. மாவு திரண்டு தொட்டியை விட்டு ஒட்டாமல் வந்த பிறகுதான் உப்பு. அலமாரித் தட்டில் இருக்கும் தகர டப்பாவைத் திறந்து உப்பைக் கைக்கணக்கில் போட்டுவிட்டு, மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து டப்பாவின் மேல் வைப்பார். உப்புப் போட்டாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம். ரொட்டி அடுப்பில் ஏறி, வெந்து, இறங்கின பிறகுதான் மூடி நேராகும். கடையில் வேலை பார்த்த எல்லோருக்கும் இந்தச் சட்டம் தெரியும். யாராவது தெரியாமல் மூடியை நேராக்கிவிட்டால் போச்சு, அன்று முழுக்க அவர் வாயில் விழுந்து புறப்பட வேண்டும். ஒரு பேச்சை எடுத்தால் நிறுத்தாமல், இடையில் யாருக்கும் இடம் கொடுக்காமல், ஆதியோடந்தமாகத் திட்டி முடிப்பார்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அவர் கேலி குறைந்தது. வைத்த தட்டு வைத்தபடி இருந்தது.

"ஏங்க, சாப்பிடல?"

"பசிக்கல."

"காய்ச்சல் ஏதாச்சும் இருக்கா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். குளுகுளுவென்றிருந்தது.

"எனக்கென்ன காய்ச்சல். வேலை இல்ல, பசி இல்ல. அவ்வளவுதான்."

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. கடை மூடிக் கிடக்கிற ஏக்கம் மனுஷனை அரிக்கிறது என்று நினைத்தாள். இருமல் இல்லை, தும்மல் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போகிறார், அவ்வளவுதான். மாடியில் ஒருவன் ஒரு நாளைக்கு நாற்பது தடவை இருமிக்கொண்டிருக்கும்போது, தூங்குகிறவரைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

மருமகள் மட்டும் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவியை எடுத்துக்கொண்டு வந்தாள். மகனுக்குத் தினமும் மூன்று வேளை பார்ப்பார்கள். சாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே அவன் நீட்டும் விரலில் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று கணக்காக வரும்.

"மாமா, சும்மா ஒரு தடவை பார்த்துடலாம்."

மாமனார் விரலை நீட்டினார். எண்பத்தெட்டு என்று காட்டியது.

"இது என்ன, இவ்வளவு கம்மியா இருக்கு?" என்றாள் மருமகள்.

ரொட்டிக்காரர் கையைத் திருப்பிக் காட்டினார். நாற்பது வருஷம் சூட்டுத் தகட்டில் பட்டுப் பட்டு, விரல் நுனியெல்லாம் செருப்புத் தோல் மாதிரி காய்த்துக் கிடந்தது. "அடுப்புல வெந்த விரலும்மா இது. போன வருஷம் பாங்க்ல ரேகை வைக்கப் போனேன், அங்கேயே மிஷினு எடுக்கலன்னு சொல்லிட்டான். இது மட்டும் எடுத்துடுமா?"

கடைக்காரம்மா சிரித்தாள். மருமகளும் சிரித்தாள். நியாயமான பதிலாகத்தான் இருந்தது. வேறு எந்த வீட்டிலும் அந்தப் பதில் செல்லுபடியாகியிருக்காது.

எட்டாவது நாள் காலை. ஆறு மணிக்குக் கடைக்காரம்மா அடுப்புக்கட்டுக்கு வந்தபோது, தொட்டியில் மாவு மேலே போர்த்தியிருந்த ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. சாதாரணமாக எட்டு மணிக்கு வருகிற உயரம் அது.

"அட, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் எழும்பிடுச்சே."

ஸ்டூலில் இருந்தவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு... உற்சாகம்" என்றார்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எட்டு நாளாக நல்ல செய்தி எதையும் பார்க்காத கண்ணுக்கு, பொங்கி நிற்கிற மாவே நல்ல சகுனமாகத் தெரிந்தது. முப்பத்தெட்டு வருஷம் ரொட்டிக்காரனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த இடத்தில் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மாடியிலிருந்து மகன் வெந்நீர் கேட்டுக் கூப்பிட்டான், போய்விட்டாள்.

அவளே அடுப்பில் வைத்து இறக்கிய ரொட்டி வெளுப்பாக வந்தது. அடுப்பில் சூடு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாலு துண்டு வெட்டி மாடிக்குக் கொண்டுபோனாள். மகன் மூன்றைத் தின்றான்.

"இன்னிக்கு ரொட்டி நல்லாருக்கும்மா."

"நெசமாவா?"

"பஞ்சு மாதிரி இருக்கு."

அவன் நாக்கு செத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. சோப்பைக் கொடுத்தாலும் நல்லாருக்கு என்றுதான் சொல்வான்.

கீழே மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். மென்றார்கள். மருமகள் மெல்லுவதை நிறுத்தினாள். கடைக்காரம்மாவும் நிறுத்தினாள். ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அத்தை," என்றாள் மருமகள் தாழ்ந்த குரலில், "உங்களுக்கு ருசி தெரியுதா?"

கடைக்காரம்மா இன்னொரு கடி கடித்துப் பார்த்தாள். வாயில் வெறும் காகிதத்தைப் போட்டு மென்ற மாதிரி இருந்தது. "இல்லியே. உனக்கு?"

"எனக்கும் இல்ல."

"போச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் வந்துடுச்சு."

"நேத்து ராத்திரிகூட எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு அத்தை."

"வரதுக்கு நேரம் காலமா பார்த்துட்டு வரும்? இனிமே யாரு யாரைப் பார்க்கிறது? மேல ஒருத்தன் கெடக்கான். இவர் வேற சாப்பிடாம உக்காந்திருக்காரு. நீயும் படுத்து நானும் படுத்தா வீட்டுல கஞ்சி வைக்க ஆள் ஏது?"

மருமகள்தான் எழுந்தாள். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள் அவள். அடுப்புக்கட்டுக்குப் போய் அலமாரித் தட்டிலிருந்து தகர டப்பாவை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது. டப்பாவை மாமியாரிடம் நீட்டினாள். கடைக்காரம்மாவும் வைத்துப் பார்த்தாள்.

கரித்தது. நாக்கே பிய்ந்துபோகிற மாதிரி கரித்தது.

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்றில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் உப்பாகச் சிரித்தார்கள். "நல்லவேளைடி, நாக்கு இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் கடைக்காரம்மா. "ரொட்டியிலதான் உப்பு இல்ல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

ரொட்டியில் உப்பு இல்லை. உப்பில்லாத மாவு அடங்காமல் பொங்கும். ரொட்டி வெளுத்துப் போகும். அதுவும் தெரியும் அவளுக்கு. மருமகள் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"இதை எடுக்கிறப்ப மூடி எப்படி இருந்துச்சு?"

"மூடியிருந்துச்சு அத்தை. நேரா."

காலையில் பிசைந்தது அவர். ரொட்டி இறங்கினதும் மூடியை நேராக்குகிறவரும் அவர்தான். ஆனால் ரொட்டியை இறக்கியது கடைக்காரம்மா. அவள் வந்ததிலிருந்து அவர் ஸ்டூலை விட்டே எழுந்திருக்கவில்லை. அப்படியென்றால் மூடி திறக்கவே இல்லை. பெற்ற அம்மா செத்த அன்றைக்குக்கூடக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உப்புப் போட்டு மூடியைக் கவிழ்த்த மனுஷன்.

அடுப்புக்கட்டுக்கு ஓடினாள். அவர் சுவரில் சாய்ந்திருந்தார். கையில் காலை மாவு அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. பிசைந்த கையைக் கழுவாமல் அவர் உட்கார்ந்ததே கிடையாது. உதடு சாம்பல் பூத்திருந்தது. அடுப்பு வெளிச்சத்திலேயே பார்த்துப் பழகியதால் இத்தனை நாள் அது அவள் கண்ணில் படவில்லை.

"என்னங்க. மாவுல உப்புப் போட்டீங்களா?"

அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, "வண்டி... வந்துடுச்சா?" என்றார்.

கடையிலிருந்து ரொட்டி எடுத்துப்போகிற வண்டி எட்டு நாளாக வரவில்லை.

மருமகள் வெந்நீர் கொண்டுவந்து மாமனார் கையைக் கழுவினாள். காய்ப்பே இல்லாத விரல் எது என்று தேடி, இடது கைச் சுண்டுவிரலைத் துடைத்துக் கருவியை மாட்டினாள். எண்பத்துமூன்று. வலது கைச் சுண்டுவிரல், எண்பத்திரண்டு. தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

"அத்தை, மாமாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தான் ரேடியோ. ஒரு டம்ளர் தண்ணீருக்கு எழுந்திருக்க முடியாதவன், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் போர்வையை உதறினான். "நீங்க யாரும் கிட்ட வராதீங்க. எனக்குத்தான் ஏற்கெனவே இருக்கே, நான் தூக்கிக்கறேன்." சொன்னபடியே மாவு மூட்டையைத் தூக்குகிறவன் மாதிரி அப்பாவைத் தூக்கிக்கொண்டான். ஒரு முனகல் இல்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ரொட்டிக்காரர் மனைவியைத் தேடினார். "ஜாடி மாவு..." என்றார். மூச்சு வாங்கியது. "பார்த்துக்கோ."

"நான் பார்த்துக்கறேன். நீங்க பேசாதீங்க."

மகனையும் ஏற்றிக்கொண்டு வண்டி போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. எட்டு நாளாக எப்போது ஓயும் என்று காத்திருந்த இருமல் ஓய்ந்திருந்தது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் கடைக்காரம்மா மாவுத் தொட்டியைத் தேய்த்தாள். தேய்த்த தொட்டியை மறுபடி தேய்த்தாள்.

மத்தியானம் மகன் போனில் வந்தான். முகம் தெரிகிற அழைப்பு. பின்னால் கவச உடை போட்ட டாக்டர் பெண் ஒருத்தி நின்றாள், கண் மட்டும் தெரிந்தது. அப்பாவுக்கும் மகனுக்கும் சேர்த்தே நுரையீரல் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். டாக்டர் ரெண்டு படத்தையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். ஒன்றில் நுரையீரல் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. கீழே ஓரத்தில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மங்கல். இன்னொன்றில் ரெண்டு பக்கமும் கீழ்ப்பாதி வெள்ளை. மாவு சலிக்கிற அறையின் ஜன்னல் கண்ணாடி மாதிரி இருந்தது.

கடைக்காரம்மா அதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "ஐயோ, எம்பிள்ளைக்கு இவ்வளவு பரவியிருக்கா?"

"இல்லம்மா," என்றான் மகன். "வெள்ளையா இருக்கிறது அப்பாவோடது. என்னோடது இந்தப் பக்கம்."

அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். டாக்டர்தான் பேசினாள்.

"அம்மா, இது நாங்க அடிக்கடி பார்க்கிறதுதான். சின்ன வயசு உடம்பு, திருடன் வந்தா கூச்சல் போட்டு ஊரைக் கூட்டும். காய்ச்சல், இருமல், உடம்பு வலி எல்லாம் அந்தக் கூச்சல்தான். வயசான உடம்பு பல பேருக்கு அப்படிக் கத்தறதில்ல. காய்ச்சல்கூட வராது. பசிக்காது, சோர்ந்து உக்காருவாங்க, பேச்சு கொஞ்சம் தடுமாறும். வெளியில ஒண்ணுமே தெரியாது. உள்ள படம் எடுத்தா இப்படி இருக்கும். எல்லாருக்கும் இப்படித்தான்னு இல்ல, ஆனா நிறைய பேருக்கு."

"நான் பக்கத்துலயேதாம்மா இருந்தேன்," என்றாள் கடைக்காரம்மா. "மூச்சு முட்டறவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, இருமறவனுக்கு வெந்நீர் சுமந்துக்கிட்டிருந்தேன்."

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரொட்டியில உப்பு இல்லம்மா."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினாள். "மூக்குல ஆக்சிஜன் வச்சிருக்கோம். குப்புறப் படுக்க வச்சிருக்கோம். தினமும் அவரை ஒண்ணு, ரெண்டுன்னு ஒரே மூச்சுல எண்ணச் சொல்வோம். இப்ப அஞ்சுக்கு மேல போகல. முப்பது எண்ணிட்டார்னா நான் நிம்மதியா தூங்குவேன்."

அதன்பிறகு கடைக்காரம்மாவின் நாள் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் விடிந்தது. அப்போதுதான் போன் வரும். அவளும் மருமகளும் பரிசோதனை செய்துகொண்டார்கள். அவளுக்கு இருந்தது, ரெண்டு நாள் தொண்டைக் கரகரப்போடு போயிற்று. மருமகளுக்கு இல்லவே இல்லை. மகன் மூன்றாம் நாள் வீடு திரும்பினான். அவனுக்கு இருமல் இருந்தது. ஆனால் இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். ரேடியோவை யாரோ சத்தம் குறைத்து வைத்துவிட்டார்கள்.

"எண்ணுங்க," என்பாள் அவள் போனில்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு..." மூச்சு வாங்கும். "நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?"

"ஆறோட நின்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. நாளைக்குப் பத்து எண்ணணும்."

"இங்க என்னை மாவு மாதிரி... திருப்பித் திருப்பிப் போடறாங்க."

"நல்லாத் திருப்பட்டும். ஒரு பக்கமே வெந்தா கருகிடுமே."

மறுநாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் எட்டுக்கு இறங்கியது. அன்று அவள் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டாள். மருமகள் ஒரு தாளில் கோடு போட்டுத் தினமும் எண்ணைக் குறித்துவைத்தாள். பன்னிரண்டு, பதினான்கு, பதினெட்டு என்று கோடு மேலே ஏறியது. பதினைந்தாம் நாள் இருபத்திரண்டு. வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வந்தவர் பாதி ஆளாக வந்தார். சட்டை தொங்கியது. வாசலில் இருந்து ஸ்டூலுக்கு வரவே ரெண்டு இடத்தில் நின்றார். அதிகம் பேசவில்லை. பேசினால் நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு. நல்லது கெட்டது எதற்கும் ஒரு தலையாட்டல். மூன்று வாரம் அப்படியே ஓடியது. திட்டுவதில்லை, கேலி இல்லை. மனுஷன் உயிரோடு வந்ததே போதும் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். அது நிஜமும்தான். ஆனாலும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அந்த அமைதியான ஆளைப் பார்க்கும்போதெல்லாம், பழைய ஆள் எங்கே போனார் என்று அவளுக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

கடை திறந்தார்கள். மகன் பிசைந்தான், மருமகள் லீவு நாளில் பொட்டலம் கட்டினாள், கடைக்காரம்மா அடுப்பைப் பார்த்தாள். ஜாடி மாவு சாகவில்லை.

ஒரு நாள் காலை முதல் ஈடு ரொட்டி இறங்கியது. நல்ல பொன்னிறம். மகன் ஒரு முனையைப் பிய்த்து அப்பாவிடம் கொடுத்தான். ரொட்டிக்காரர் வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். கண்ணை மேலே தூக்கி அலமாரித் தட்டைப் பார்த்தார். டப்பா மேல் மூடி கவிழ்ந்திருந்தது.

"யாருடா உப்புப் போட்டது?"

"நான்தாம்ப்பா. போட்டுட்டு மூடியைக் கவுத்துட்டேன். அங்க பாருங்க."

கடைக்காரம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "நானும் போட்டேன்" என்றாள்.

"மூடி கவுந்திருக்கிறதைப் பார்த்துட்டுமா?"

"பார்த்தேன். மனசு கேக்கல. ஒரு தடவை உப்பில்லாம நான் பட்டது போதும்."

அவர் ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தார். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூடி கவுந்திருந்தா உப்புப் போட்டாச்சுன்னு அர்த்தம்னு இந்தக் கடையில கூட்டிப் பெருக்கறவனுக்குக்கூடத் தெரியும், முப்பத்தெட்டு வருஷம் என்கூட குப்பை கொட்டினவளுக்குத் தெரியாதா, ஒரு ஈடு ரொட்டி மொத்தமும் கடல் தண்ணியில முக்கி எடுத்த மாதிரி கரிக்குது, இதை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வாடிக்கைக்காரனுக்குக் குடுக்கிறது, வாங்கித் தின்னுட்டு ஊரே தண்ணிக் குடத்தைத் தேடி ஓடணுமா, நான் நாலு நாள் படுத்து எழறதுக்குள்ள இந்த அடுப்புக்கட்டுல கேள்வி முறையே இல்லாமப் போச்சா..."

மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மருமகள் மெல்ல நகர்ந்து கதவோரம் போனாள். கடைக்காரம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் காதில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை. அவர் மூச்சு வாங்க எங்கே நிறுத்துகிறார் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கேயும் நிறுத்தவில்லை. விரல் மடக்கி எண்ண ஆரம்பித்து, பத்து விரலும் மூன்று சுற்று முடிந்து, மறுபடி கட்டைவிரலுக்கு வந்துவிட்டது.

அவர் திட்டி முடித்து அவளைப் பார்த்தார். "நான் சொல்றது காதுல விழுதா இல்லியா? என்னத்துக்கு அழுவுற?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியா கேக்கல," என்றாள். "இன்னொரு தடவை முதல்ல இருந்து சொல்லுங்க."